பாஸ்போர்ட் வழங்கும் விழா

உலகத்தில் கொடுப்பவர், வாங்குபவர் என்று இரண்டே இனம்தான் உண்டு என்று இதுவரை நீங்கள் நம்பியிருந்தால், நீங்கள் கடலூர் பக்கம் வந்ததில்லை என்று அர்த்தம். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. அதற்கு ‘வழங்குகிறவர்’ என்று பெயர். கொடுப்பவர் தன்னிடம் இருப்பதைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். வழங்குகிறவர் அப்படி லேசில் விட மாட்டார். உங்களிடம் இருப்பதை உங்களிடமிருந்தே வாங்கி, தாம்பாளத்தில் வைத்து, மேலே பட்டுத் துணி போர்த்தி, மேடையில் ஏழு பேர் பேசி முடிக்கும் வரை உங்களை நிற்க வைத்து, பிறகு அதை உங்களுக்கே தருவார். நீங்கள் நன்றி சொல்ல வேண்டும். கேமராவைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த இனத்தில் உயர்ந்த ரகம் ராமாமிர்தம். திருப்பாதிரிப்புலியூரில் குளியலறைச் சாமான்கள் விற்கும் கடை வைத்திருக்கிறார். ஆனால் ‘என்ன தொழில்?’ என்று யாராவது கேட்டால் கடையைச் சொல்ல மாட்டார். “பீக்கன் கிளப், கடலூர். பாஸ்ட் பிரசிடெண்ட்” என்பார். கிளப்பில் அதைச் சுருக்கி ‘பி.பி.’ என்பார்கள். பீக்கன் கிளப் என்பது ஊருக்குச் சேவை செய்வதற்கென்று உலகமெங்கும் கிளை பரப்பியிருக்கும் சங்கம். அதில் சேர்ந்தவுடன் உங்கள் பெயருக்கு முன்னால் ‘பீக்கன்’ என்று ஒட்டிக்கொள்ளும்; இறந்தால்கூட இரங்கல் அட்டையிலிருந்து அதைப் பிரிக்க முடியாது. தலைவர் பதவி ஒரு வருஷம்தான். முன்னாள் தலைவர் பதவியோ ஆயுள் முழுக்க. அதனால்தான் ராமாமிர்தம் முன்னதை ஒரு காய்ச்சலைப் போலப் பல்லைக் கடித்துக் கடந்துவிட்டு, பின்னதில் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டார்.

அடையாளம் கேட்கிறீர்களா? மே மாதத்து அக்கினி வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒருவர் நின்றால் அவர் வக்கீலாகவோ மாப்பிள்ளையாகவோ இருக்கலாம். கோட்டின் மார்பில் பதினோரு பின்கள் குத்தியிருந்தால் சந்தேகமே வேண்டாம், ராமாமிர்தம்தான்.

செம்மங்குப்பத்தில் ஒரு தொழிற்சாலையில் தலைக்கவசம் வழங்கும் விழா நடத்தினார். காலையில் வேலைக்கு வந்த நாற்பது பேரிடமும் வாசலிலேயே அவரவர் தலைக்கவசத்தை வாங்கி மேசையில் அடுக்கி, பதினொரு மணிக்கு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வழங்கினார். செம்பியன் என்ற தொழிலாளி மட்டும் வாங்கிக்கொண்டு நகரவில்லை.

“சார், இது என்னுது இல்ல.”

“எல்லாம் ஒண்ணுதாம்பா. கேமராவப் பாரு.”

“இல்ல சார், என்னுதுல உள்ளார முருகர் படம் ஒட்டியிருக்கும். இதுல யாரோ எண்ணெய் வழிய வழியப் போட்டுருக்கான்.”

அந்த நாற்பது பேரும் சாயங்காலம் வரை ஒருவர் தலையை ஒருவர் தேடிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. ராமாமிர்தத்துக்கோ அதற்கு ‘பாதுகாப்புச் செம்மல்’ விருது வந்தது.

வீட்டிலும் அவர் அப்படித்தான். மாதம் ஒரு முறை கிளப்காரர்கள் குடும்பத்தோடு ஓட்டலில் கூடிச் சாப்பிடுவார்கள். அதை நாமாக இருந்தால் விருந்து என்போம். அவர்கள் ‘ஃபெல்லோஷிப்’ என்பார்கள். முதலில் பித்தளை மணி அடிக்கப்படும். பிறகு பசித்தவர்களின் துயரத்தைப் பற்றி ஒருவர் முக்கால் மணி நேரம் பேசுவார். கேட்கிறவர்களுக்கு அதற்குள் அந்தத் துயரம் தெளிவாகப் புரிந்துவிடும். அப்புறம் தம்போலா, மனைவிமார்களுக்கு மியூசிக்கல் சேர், கடைசியாகச் சாப்பாடு. அப்படி ஒரு ஃபெல்லோஷிப்பில் ‘சிறந்த இல்லத்தரசி’ விருதைத் தன் மனைவி மாலதிக்கே வழங்கினார் ராமாமிர்தம். பரிசு, வெள்ளிக் கிண்ணம். அது அன்று காலை வீட்டு அலமாரியிலிருந்து காணாமல் போயிருந்த கிண்ணம். மாலதி அதை வாங்கும்போது அடியில் இருந்த தன் அப்பா பெயரின் முதல் எழுத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். முப்பது வருஷக் குடித்தனம் அப்படி ஒரு சிரிப்பைக் கற்றுக்கொடுக்கும்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு குறை. அவர் வெளிநாடு போனதில்லை.

பீக்கன் கிளப்பின் தலைமையகம் வருஷா வருஷம் மலேசியாவில், பினாங்கில், இளைஞர் தலைமைப் பயிற்சி முகாம் நடத்துகிறது. பத்து நாள். கிளைக்கு ஒரு இளைஞர் போகலாம்; கூடவே வழிநடத்த ஒரு பெரியவர். எல்லாச் செலவும் தலைமையகத்துடையது. ஒன்பது வருஷமாகக் கடலூர்க் கிளையிலிருந்து உறுப்பினர்களின் பிள்ளைகளே தலைமைப் பண்பு கற்றுக்கொண்டு, பை நிறையச் சாக்லேட்டோடு திரும்பி வந்தார்கள். இந்த வருஷம் மேலிடத்துக்கு ஏதோ கோபம். உறுப்பினர்களின் சொந்தபந்தம் யாரும் வரக் கூடாது, உண்மையாகவே ஊருக்கு உழைத்த பிள்ளையாக இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். கிளப்பே அதிர்ந்துபோனது. அப்படி ஒரு பிள்ளையை எங்கே போய்த் தேடுவது?

கீரப்பாளையத்தில் இருந்தாள். ரூமானா. சிதம்பரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். போன மழைக்கு ஊரில் தண்ணீர் புகுந்தபோது, பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த இருநூறு பேருக்கும் ஒரு நோட்டுப் போட்டு, யாருக்குச் சர்க்கரை மாத்திரை, எந்தக் குழந்தைக்குப் பால், எந்தக் கிழவர் சாப்பிட்டேன் என்று பொய் சொல்கிறவர் என்பது வரை எழுதி வைத்து, ஆறு நாள் சமாளித்தவள். அவள் அத்தா குவைத்தில் இருக்கிறார். அவரைப் பார்க்கப் போகலாம் என்று மூன்று வருஷத்துக்கு முன்பே அவளும் அம்மா அமீருன்னிசாவும் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார்கள். போகத்தான் வாய்க்கவில்லை. பினாங்கு என்றதும் அந்தப் பெண்ணுக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. கீரப்பாளையம் தாண்டி, சிதம்பரம் தாண்டி, கடல் தாண்டி ஓர் இடத்துக்கு, யாரும் சிபாரிசு செய்யாமல், தான் செய்த வேலைக்காகத் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இருக்காதா பின்னே?

வழிநடத்தும் பெரியவர் யார்? ராமாமிர்தம். திருப்பாதிரிப்புலியூர் முழுக்க ஃபிளக்ஸ் வைத்தார்கள். ‘மலேசியா செல்லும் மாமனிதரே’ என்று கொட்டை எழுத்து. மூலையில் ஸ்டாம்பு அளவுக்கு ரூமானா.

பயணத்துக்கு ஐந்து நாள் முன்பு கிளப் செயலாளர் இளவரசு ரூமானாவுக்குப் போன் செய்தார். “டிக்கெட் விஷயமா பாஸ்போர்ட் ஒரிஜினல் வேணும்மா. ஆள் அனுப்புறேன், குடுத்துடு.” கொடுத்துவிட்டாள். டிக்கெட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சிதம்பரம் ஓட்டல் ஹாலில் வழியனுப்பு விழா. அதில் கவர்னர் கையால் பாஸ்போர்ட் வழங்கப்பட வேண்டும் என்பது ராமாமிர்தத்தின் யோசனை. பயந்துவிடாதீர்கள், கிண்டியில் இருக்கும் கவர்னர் அல்ல. பீக்கன் கிளப்பில் நாலு ஜில்லாவுக்குத் தலைவரை அப்படித்தான் அழைப்பார்கள். கும்பகோணத்தில் அவருக்கு ஸ்வீட் ஸ்டால். அவர் மனது வைத்தால் ராமாமிர்தம் அடுத்த வருஷம் வட்டாரத் தலைவர்.

விழா நாள். அன்றிரவு ஒன்பது நாற்பதுக்குச் சென்னையில் விமானம். பன்னிரண்டரைக்குச் சிதம்பரத்தை விட்டுக் கிளம்பினால்தான் சரியாக இருக்கும். விழா ஒன்பதரைக்கு. அதாவது அழைப்பிதழில் ஒன்பதரைக்கு. பதினொன்றுக்கு மணி அடித்தார்கள்.

இனி ‘புரோட்டோகால்’ என்ற சடங்கைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பீக்கன் மேடையில் யார் பேச எழுந்தாலும், மேடையிலும் முன்வரிசையிலும் இருக்கும் அத்தனை பேரையும் பதவி வரிசைப்படி, பட்டத்தோடு, மனைவி பெயரோடு விளித்த பிறகுதான் விஷயத்துக்கு வரலாம். அன்று பட்டியலில் இருபத்து மூன்று பேர். பேசியவர்கள் ஏழு பேர். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பேச்சு என்னவோ ஒவ்வொருவரும் ஒரு நிமிஷம்தான் பேசினார்கள். சொல்ல அவ்வளவுதான் இருந்தது. ராமாமிர்தம் கண்ணை மூடிக்கொண்டு கச்சேரி கேட்பதுபோல் கேட்டார். தன் பெயர் ஐந்தாவதாக வரும்போது தலை லேசாக ஆடும். மூன்றாவது பேச்சாளர் அதை ஆறாவதாகச் சொன்னபோது முகம் சுண்டிவிட்டது.

ரூமானா எங்கே? மேடையில்தான். தாம்பாளம் ஏந்துவதற்கு ஏற்பாடு செய்திருந்த பெண் வரவில்லை. “சும்மாத்தான நிக்கிற, இதப் புடிச்சிக்கம்மா” என்று இளவரசு விழா நாயகியின் கையிலேயே தட்டைக் கொடுத்துவிட்டார். அதில் பட்டுத் துணி. துணிக்கு அடியில் அவளுடைய பாஸ்போர்ட். ஒன்றேகால் மணி நேரமாக நிற்கிறாள். மூன்றாவது வரிசையில் அமீருன்னிசா, சாப்பாட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, மேடையையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் கிளப் ஏற்பாடு செய்த கார். அதன் குறுக்கே சிவப்பு ரிப்பன். அதைக் கவர்னர் வெட்டி, பச்சைக்கொடி அசைத்தால்தான் கார் நகரும். கவர்னரோ இன்னும் சீர்காழியையே தாண்டவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு ரூமானா குனிந்து ராமாமிர்தத்தின் காதருகே சொன்னாள்.

“சார், மணி ஆயிடுச்சி. நான் கெளம்புறேன். பாஸ்போர்ட்ட எடுத்துக்கட்டுமா?”

“கொஞ்சம் இரும்மா. கவர்னர் வந்துகிட்டே இருக்காரு. அவர் கையால வாங்குனாதான உனக்கு மரியாதை.”

“ஃபிளைட்டு போயிடும் சார்.”

“உனக்காக எவ்ளோ பேரு உக்காந்திருக்காங்க பாரு. இப்ப போய் அவசரப்பட்டா எப்டி? நாங்க இவ்ளோ செஞ்சி உனக்குக் குடுக்குறோம்…”

அவள் தட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலத்தான் கேட்டாள்.

“சார், அது என்னுதுதானே?”

முப்பது வருஷப் பொதுவாழ்வில் இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. ரூமானா துணியை விலக்கினாள், பாஸ்போர்ட்டை எடுத்தாள், காலித் தட்டை அவர் மடியில் வைத்தாள்.

“நீங்களும் வாங்க சார். ரெண்டு பேருக்கும் ஒரே ஃபிளைட்டுதான்.”

அந்த நேரம் பார்த்து வாசலில் ஹாரன் சத்தம். கவர்னராக இருக்குமோ? ராமாமிர்தம் எழுந்தார், உட்கார்ந்தார். பினாங்கு ஒரு பக்கம் இழுத்தது. இன்னொரு பக்கம், கவர்னர் எதிரில் தன் பெயர் ஐந்தாவதாக ஒரு முறை வாசிக்கப்பட வேண்டும் என்ற ஆசை. “நீ முன்னாடி போம்மா. நான் கார்ல வந்து வழியில புடிச்சிக்கிறேன்” என்றார்.

ஹாரன் அடித்தது அவர்கள் ஊர் சின்னையனின் ஆட்டோ. அமீருன்னிசா அதற்குள் வெளியே போய்ப் பெட்டியை ஏற்றி வைத்திருந்தார். “பஸ் ஸ்டாண்டா? இந்தா, ராக்கெட் மாரி போயிடலாம் குந்துங்க” என்ற சின்னையன், கீழ வீதியின் கூட்டத்தை எப்படிக் கடந்தாரோ, ஒன்றேகால் மணி சென்னை பஸ் நகர்ந்துகொண்டிருக்கும்போது ஆட்டோவை அதன் முன்னால் குறுக்கே நிறுத்தி, டிரைவரிடம் வசவு வாங்கிக்கொண்டே பெண்ணை ஏற்றிவிட்டார். காசு வாங்கவில்லை. மேடை போடவும் இல்லை.

ஒன்றரைக்குக் கவர்னர் வந்தார். தட்டில் ஒன்றும் இல்லை. இளவரசு கையைப் பிசைந்தார். “பி.பி. சார், இன்னா பண்றது? போட்டோகிராபரு நிக்கிறாரு.” நிகழ்ச்சி நிரலில் அச்சாகிவிட்ட ஒன்றை நடத்தாமல் விடுவது பீக்கன் மரபு இல்லை. ராமாமிர்தம் கோட்டுப் பையிலிருந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்துத் தட்டில் வைத்தார். துணியைப் போர்த்தினார். கவர்னர் துணியை விலக்கி, ராமாமிர்தத்தின் பாஸ்போர்ட்டை ராமாமிர்தத்துக்கு வழங்கினார். ஹால் கைதட்டியது. மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் அந்தப் படம், ‘தலைமைப் பயிற்சிக்குத் தேர்வான இளைஞருக்குப் பாஸ்போர்ட்’ என்ற வரியோடு வந்தது. இளைஞருக்கு வயது ஐம்பத்தெட்டு.

அதன் பிறகாவது ஓடினாரா? கவர்னர் பேசினார், இருபத்து மூன்று பெயர், ராமாமிர்தம் ஐந்தாவது. மனம் குளிர்ந்தது. சாப்பாட்டில் கவர்னர், “பீக்கன், எம்பக்கத்துல உக்காருங்க” என்றார். கவர்னர் மூன்று முறை பாயசம் வாங்கிக்கொண்டார்; அவர் எழுவதற்கு முன் யார் எழ முடியும்? ரிப்பன் வெட்டி, கொடி அசைத்து, படத்தில் கொடி சரியாக விழவில்லை என்று போட்டோகிராபர் சொல்ல மறுபடியும் அசைத்து, கார் கிளம்பியபோது மூன்று நாற்பது. விமான நிலையத்தில் அவர் போய் நின்றபோது எட்டு ஐம்பத்தைந்து. கவுண்டரை மூடிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. போனில் ரூமானாவின் செய்தி: ‘சார் எங்க இருக்கீங்க? உள்ளார கூப்புடுறாங்க.’

ஊருக்குத் திரும்ப முடியுமா? திரும்பின பக்கமெல்லாம் ‘மலேசியா செல்லும் மாமனிதர்’ கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். இளவரசுவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். “பத்து நாள்தான பி.பி. சார், கண்ண மூடுனா ஓடிடும்” என்றார் இளவரசு. விருத்தாசலத்தில் மச்சான் வீட்டு மாடியில் பத்து நாள், ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தார் ராமாமிர்தம். அது தன் தம்பி வீடாயிற்றே, எல்லாம் தெரிந்த மாலதி தினம் போன் செய்து, “மலேசியாவுல இன்னா சாப்புட்டீங்க?” என்று விசாரித்தார். அந்தம்மாளுக்கும் ஒரு வாய்ப்பு வேண்டாமா?

பதினொன்றாம் நாள் கடலூரில் வரவேற்பு விழா, ஃபெல்லோஷிப்போடு சேர்த்து. இருவருக்கும் மாலை. ரூமானா மைக்குக்கு முன்னால் போனபோது ராமாமிர்தத்தின் கைக்குட்டை நனைந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும். ‘சார் வரவே இல்லையே’ என்று அந்தப் பெண் சொன்னால் வட்டாரத் தலைவர் பதவி, பதினோரு பின், ஃபிளக்ஸ் எல்லாம் போச்சு. வாழ்க்கையில் முதல்முறையாக, மேடையில் தன் பெயர் வரக் கூடாதே என்று அவர் வேண்டிக்கொண்டார்.

“எல்லாருக்கும் வணக்கம்” என்றாள் ரூமானா.

அவ்வளவுதான். இருபத்து மூன்று பேரும் இரண்டு சொல்லில் முடிந்துபோனார்கள். ஹால் திடுக்கிட்டது.

“அங்க மொத நாளே கையில ஒரு முகவரியக் குடுத்து, யாரு தொணையும் இல்லாம பஸ் ஏறி, சொன்ன நேரத்துக்கு வந்து சேரணும்னாங்க. அதான் மொத பரீட்சை. நெறைய பேரு பயந்தாங்க. எனக்கு ஒண்ணும் தெரியல. நான் சிதம்பரத்துலயே அத எழுதிட்டுதான் போயிருந்தேன். எங்கம்மாவுக்கும் ஆட்டோ சின்னையன் அண்ணனுக்கும் நன்றி.”

போய் உட்கார்ந்துவிட்டாள். ராமாமிர்தம் நிம்மதியாக மூச்சு விட்டார். அந்த நிம்மதி எவ்வளவு நேரம் இருந்திருக்கும் என்கிறீர்கள்? ஒரு நிமிஷம். அடுத்த நிமிஷமே உள்ளே ஏதோ குத்தியது. ஆட்டோக்காரன் பேரைச் சொல்லத் தெரிகிறது, என் பேர் வாயில் வரவில்லையா? நன்றி கெட்ட காலம். அவர் கண் கலங்கியது நிஜம். அந்தக் கண்ணீரில் பொய்யே இல்லை, அதுதான் கொடுமை.

கடைசியாக, முகாம் சான்றிதழ் வழங்கும் நிகழ்ச்சி. ஆமாம், பினாங்கில் அவள் வாங்கிய அதே சான்றிதழ். இளவரசு காலையிலேயே ‘சரிபார்க்க’ வாங்கி வைத்திருந்தார். பட்டுத் துணியை விலக்கி, ராமாமிர்தம் அதைக் கம்பீரமாக வழங்கினார். ரூமானா பணிவாக வாங்கிக்கொண்டு, கேமராவைப் பார்த்து அழகாகச் சிரித்தாள். அது கலர் செராக்ஸ். ஒரிஜினல் கீரப்பாளையத்தில் அமீருன்னிசாவின் பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கிறது. தலைமைப் பண்பு வந்துவிட்டது, பாருங்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் கோட்டும் இல்லை, பின்னும் இல்லை, எந்தக் கிளப்பிலும் நீங்கள் இல்லை. நல்லது. ஆனால் போன வாரம் ஒரு கல்யாண வீட்டில், “எங்க வீட்டுல அவள வேலைக்கு அனுப்பிட்டேன், நான் அதுலல்லாம் தாராளம்” என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னது யார்? “பொண்ணு ஆசப்பட்டத படின்னு சுதந்திரம் குடுத்துட்டேன்” என்றது? வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்குப் பொங்கலன்று விடுமுறை ‘கொடுத்துவிட்டு’, ஒரு நன்றிக்காக வாசற்படியில் கொஞ்ச நேரம் நின்றது?

தட்டு உங்கள் கையில்தான் இருக்கிறது. துணி நல்ல பட்டு. அடியில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஒருநாள் உங்கள் வீட்டில் ஒருத்தி குனிந்து, கோபமே இல்லாமல், அந்த ஒரு கேள்வியைக் கேட்பாள். அதற்குள் ஒரு பதிலை யோசித்து வையுங்கள். ராமாமிர்தத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை.